தலைக்கு ஒரு பிடி

எங்கள் ஊருக்கு ஜனத்தொகை இரண்டு. ஒன்று, சர்க்கார் அனுப்பும் வாத்தியார்கள் வந்து எடுக்கும் கணக்கு. அது ஒவ்வொரு தடவையும் இளைத்துக்கொண்டே போனது. இன்னொன்று, கங்கம்மா ஜாத்திரைக்கு இரண்டு நாள் முன்னால் கோயில் பம்பைக்காரர் கூடையோடு வீடு வீடாக வந்து எடுப்பது. அது இளைத்ததே இல்லை. பாதி ஊர் பூட்டிக் கிடந்த வருஷங்களிலும் அந்தக் கூடை நிரம்பித்தான் கோயிலுக்குப் போனது.

சத்தியவேட்டிலிருந்து நாகலாபுரம் போகிற ரோட்டில், புளியமரத்தடியில் பஸ் நிற்கும். இறங்கினால் மூன்று தெரு. மேற்கே மலை, கிழக்கே ஏரி, தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு. நாங்கள் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுதுவது தெலுங்கு, திட்டுவது இரண்டிலும். கிணறுகள் வற்றி, வேர்க்கடலை ஏமாற்றிய பிறகு, வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் வர ஆரம்பித்தார்கள். பெங்களூரில் கட்டடம், சென்னையில் லாரி ஷெட்டு, திருப்பதியில் லாட்ஜு, குவைத்தில் வீட்டு வேலை என்று ஆட்கள் கிளம்பினார்கள். முதலில் ஆண்கள் போனார்கள். பிறகு குடும்பமாகப் போய்ப் பூட்டுப் போட்டார்கள்.

பம்பைக்காரரின் கணக்கு இப்படி. வாசலில் நின்று பம்பையை இரண்டு தட்டுத் தட்டி, "தல எத்தினி?" என்று கேட்பார். வீட்டுப் பெண் எண்ணிக்கையைச் சொல்லுவாள். தலைக்கு ஒரு பிடி கேழ்வரகு மாவு. ஒவ்வொரு பிடியையும் கூடையில் போடும்போது அது யாருக்கு என்று வாய்க்குள் சொல்ல வேண்டும். இது பெரியவனுக்கு, இது சின்னவளுக்கு என்று. வெளியூரில் இருந்தாலும் ஊரார் ஊரார்தான், அவர்களுக்கும் பிடி உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கிடையாது, அவள் புருஷன் ஊர்ப் பானையில் சேர்ந்துவிடுவாள். செத்தவர்களுக்குக் கிடையவே கிடையாது. செத்தவர் பிடி பானையில் விழுந்தால் கூழ் கெட்டுவிடும் என்பது பேச்சு. அதனால் ஒரு வீட்டில் பிடி குறைந்தால் அங்கே சாவு நடந்து முடிந்தது என்று அர்த்தம்.

பூட்டிய வீட்டின் முன்னாலும் அவர் நிற்பார். அதே போல இரண்டு தட்டு, அதே கேள்வி. கதவைப் பார்த்துத்தான் கேட்பார். ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண் பின்னாலிருந்து, "அஞ்சு. அல்லாரும் மெட்ராஸ்ல கீறாங்க" என்று சொல்லிவிட்டு மாவோடு வருவாள். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? திருப்பதியில் டிகிரி படிக்கப் போன பிறகும், லீவுக்கு வந்தால் அந்த நேரத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

மாவை அன்றைக்கே கரைத்து, மறுநாள் சாயங்காலம் காய்ச்சி, ஜாத்திரை காலையில் மோர் விட்டு ஊற்றுவார்கள். கூழோ ஊர் முழுக்கத் தலைக்கு, குடிக்க இருப்பதோ பாதி வாய். மிச்சத்தை எல்லைக்கு எடுத்துப்போய், ஆட்கள் போன திக்கைப் பார்த்து ஊற்றுவது வழக்கம். பெங்களூர்க்காரர்களுக்கு மேற்கே மலைப் பக்கம். சென்னைக்காரர்களுக்குத் தெற்கே. குவைத்துக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வருஷம் சண்டையே வந்தது. ஏரோப்ளேன் சென்னையில்தானே ஏறுகிறார்கள், தெற்கேயே ஊற்றலாம் என்று தீர்ப்பானது. வெறும் மண்ணில், வெறும் திக்கைப் பார்த்து, "துன்னுங்கப்பா, வந்து துன்னுங்க" என்று பெண்கள் கூப்பிட்டு ஊற்றுவார்கள். பட்டப்பகல், சுள்ளென்ற வெயில், எதிரே ஓர் ஆள் இருக்க மாட்டான். ஆனாலும் ஊற்றி முடித்ததும் யாரும் அங்கே நிற்காமல் வேகவேகமாகத் திரும்புவோம்.

எங்கள் வீட்டில் நாலு தலை. நைனா, அம்மா, அண்ணன், நான். அண்ணன் மேஸ்திரியோடு பெங்களூருக்குப் போனான். பஸ் ஸ்டாப்பில் எஸ்டிடி பூத் வந்த புதுசு. அவன் பூத்துக்குப் போன் பண்ணிச் சொல்லுவான், பூத்துக்காரர் ஆள் அனுப்புவார், அம்மா களையெடுத்த கையோடு ஓடுவாள். "துன்னியா?" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை அவன், வேறு சைட்டுக்குப் போகிறோம், அங்கே போய்ப் பேசுகிறேன் என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டால், பாதி வழியிலேயே வேறு கோஷ்டியோடு போய்விட்டான் என்றார். நைனா பெங்களூர் போய்த் தேடிவிட்டு, போனபோது இருந்ததைவிடக் குள்ளமாகத் திரும்பி வந்தார்.

அந்த வருஷ ஜாத்திரையில் அம்மா எல்லையில் கூழோடு நின்றபோது, பம்பைக்காரர் கேட்டார். "எக்கா, பெரியவனுக்கு எந்தப் பக்கம்?"

"நாலு பக்கமும்" என்று சொல்லி அவள் சுற்றிச் சுற்றி ஊற்றினாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாவது வருஷம் கூழ் கெட்டது.

அந்தக் காலையில் நான் கோயிலில்தான் இருந்தேன். ஜாத்திரைக்கு எங்கள் பக்கம் வேஷம் போடுவார்கள். உடம்பெல்லாம் சுண்ணாம்பு பூசி, கரிப்பொட்டு வைத்து, ஆண்கள் சேலை கட்டி, வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டு வருவார்கள். அன்றைக்குத் திட்டிக்கொண்டு வந்த கூட்டம் பானைக்கு முன்னால் அப்படியே வாயடைத்து நின்றது. பம்பைக்காரர் கரண்டியை விட்டுத் தூக்கினார். கூழ் கரண்டியோடு நூல் நூலாக எழும்பி வந்தது. வாடை பின்னால் நின்ற எனக்கே அடித்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எந்த வூட்லயோ செத்தவங்களுக்குப் போட்டுட்டாங்க" என்றது ஒரு குரல்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வருஷம் மண்பானைக்குப் பதிலாக, மாவைக் கரைக்க ஊர்த்தலைவர் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் வாங்கிப் போட்டிருந்தார். எந்தக் கம்பெனியில் என்ன மருந்து இருந்த டிரம்மோ, சத்தியவேட்டுப் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெமிஸ்ட்ரி படிக்கிறவன் நான். "டிரம்முதான் காரணம்" என்று கத்தினேன். காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. ஏனென்றால் அதற்குள் எல்லார் கண்ணும் அவரவர் வீட்டுக்குள் போயிருந்தது. முன்பெல்லாம் செத்தவர்களைத் தெரியும், நாமே தூக்கிப்போய் எரித்திருப்போம். இப்போது யார் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்ல முடியுமா? போன வாரம் பேசினவன் இந்த வாரம் சாரத்திலிருந்து விழுந்திருக்கலாம். செய்தி இன்னும் வராமல் இருக்கலாம். பானைக்கு முதலிலேயே தெரிந்துவிட்டதோ என்னவோ.

யாரோ ஒருத்தி பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். பிறகு ஓடினாள். பின்னாலேயே ஊர் ஓடியது.

அந்த வரிசையை என்னால் மறக்க முடியவில்லை. உச்சி வெயிலில், எஸ்டிடி பூத்தின் மஞ்சள் போர்டுக்குக் கீழே, சுண்ணாம்பு பூசின உடம்புகளும் கரி பூசின முகங்களும் சேலை கட்டின ஆண்களும் ஒருவர் பின்னால் ஒருவராக, நம்பர் எழுதின துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பம்பை அடங்கிவிட்டது. வியர்வையில் சுண்ணாம்பு கரைந்து ரோட்டில் சொட்டியது. சென்னை பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவர் வரிசையைப் பார்த்தார். ஆள் ஏற்றாமலே கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள். வெளியே வரும்போது, உயிரோடு இருக்கிறான் என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "கீறான்." "கீறா." "அல்லாரும் கீறாங்க." சொல்லிவிட்டு அழுதார்கள், சிரித்தார்கள், காளி வேஷக்காரர் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குவைத்தில் இருந்த பெண்ணைக்கூட எப்படியோ பிடித்துவிட்டார்கள். "கீறா" என்று அவள் புருஷன் சொன்னபோது வரிசையே பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு 'கீறான்' வரும்போதும் மிச்சம் இருக்கும் வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஓரமாக நின்று வரிசையின் கடைசியைப் பார்த்தார்கள்.

கடைசியில் அம்மா நின்றாள்.

நான் அவளோடு கூண்டுக்குள் போனேன். அவளிடம் இருந்தது பழைய நம்பர் ஒன்றுதான். அண்ணன் முதலில் வேலை பார்த்த சைட்டுக்குப் பக்கத்து டீக்கடை. பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு நம்பரைப் போட்டார். மணி அடித்தது. யாரோ எடுத்துக் கன்னடத்தில் பேசினார்கள். அம்மா, "என் பையன் கீறானா?" என்று தமிழில் கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ரிசீவரில் கொர் என்ற சத்தம் எனக்கே கேட்டது. அம்மா வைக்கவில்லை. அந்தச் சத்தத்திடமே சொன்னாள். "வெயில்ல சுத்தாத. வந்தா கூழு எடுத்து வெச்சிக்கினு கீறேன்."

பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஊர் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது.

"கீறான்" என்றாள்.

ஒருவரும் பெருமூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், சாவு வீட்டில் எப்படி உட்காருவார்களோ அப்படி. முகம் கழுவியும் காது மடலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நைனா கதவோரம் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மா உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தாள். "இங்க இன்னா எழவா உழுந்துகிச்சு? எழுந்து போங்க! போய் உங்க வூட்டு வாசல்ல குந்துங்க!" என்று மண்ணைக் கிளப்பிப் பெருக்கினாள். அவர்கள் எழுந்து போனார்கள். ஆனால் போகும்போது சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரியே, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அந்த வருஷம் முழுக்க எங்களோடு ஊர் மரியாதையாகத்தான் பேசியது. அந்த மரியாதைதான் தாங்கவில்லை. நைனாவைக் கூப்பிட்டு ஊர்த்தலைவர் பேசினார். வரும் ஜாத்திரைக்கு மூணு தலை போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பிடியே வேண்டாம் என்றார். நைனா அம்மாவிடம் வந்து சொன்னார். "நம்ம பையனுக்கோசரம் ஊர்ப் புள்ளைங்க கூழையெல்லாம் கெடுக்க முடியுமா? வுட்டுடுடி." அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "செரி. மூணே போடறேன்" என்றாள். ஒரு சண்டையும் போடவில்லை. இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று எனக்குத்தான் கோபம் வந்தது. ரெண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

பம்பைக்காரர் வந்தார். வழியில் பூட்டிய கதவுகளைக் கேட்டுக்கொண்டே வந்தது காதில் விழுந்தது. எங்கள் வாசலில் நின்று இரண்டு தட்டுத் தட்டினார். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் தட்டினார்.

"தல எத்தினி?"

"மூணு" என்றாள் அம்மா.

எதிர் வீட்டு வாசலில் நின்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் அம்மாவின் தோளை ஒட்டி நின்றேன். அவள் முதல் பிடியைப் போட்டாள். "நைனாவுக்கு" என்று முணுமுணுத்தாள். இரண்டாவது பிடி. "சின்னவனுக்கு." மூன்றாவது பிடியைக் கொஞ்சம் அழுத்தி, விரல் இடுக்கில் சிந்தாமல் எடுத்தாள். "பெரியவனுக்கு."

பம்பைக்காரர் நிமிர்ந்தார். அவர் காது கூடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "எக்கா," என்றார், "அப்ப உனுக்கு?"

"எனுக்கு வாணாம், நீ போ" என்று சொல்லி அவள் கையிலிருந்த மாவைத் தட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், "தல எத்தினி?" என்று கேட்டார். அந்த விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வருஷம் கூழ் நன்றாக வந்தது. பயத்தில் நீல டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்பானைக்குத் திரும்பியிருந்தார்கள். பானையையும் மாற்றினார்கள், தலையையும் குறைக்கச் சொன்னார்கள், கூழ் தேறிய பெயர் மட்டும் தலை குறைந்ததற்குத்தான் போனது. "பாத்தியா, எடுத்த ஒடனே செரியாப் பூட்ச்சு" என்று என் காதுபடச் சொன்னார்கள். என் அண்ணனுக்கு அப்படித்தான் ஊர் கருமாதி செய்தது. அதே கூழை ஒரு சொம்பில் வாங்கி வந்து அம்மா முகர்ந்து பார்த்தாள். விரலை விட்டுத் தூக்கி நூல் விடுகிறதா என்று பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததே, அப்படி அதற்கு முன்னால் எப்போது மலர்ந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

"நல்லாத்தான கீது?" என்றாள் என்னிடம். "அப்ப அவன் கீறான்."

கெமிஸ்ட்ரி படித்தவன் வாயைத் திறக்கவில்லை.

சொம்பை என்னிடம் கொடுத்து, "நீ குடி" என்றாள். அவள் குடிக்கவில்லை. "எனுக்குப் பிடி போடல, நான் எப்டிக் குடிக்கிறது?" என்று சாதாரணமாகச் சொன்னாள். எல்லையில் ஊற்றும்போதும் கோட்டுக்கு உள்ளே நிற்காமல், நாலடி தள்ளி வெளியே நின்றுதான் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மூணு தலை. ஒவ்வொரு வருஷமும் சொம்பு, விரல், "கீறான்." ஊர் அதை அவன் செத்ததற்கு அத்தாட்சியாகக் குடித்தது, அவள் அதை உயிரோடிருப்பதற்கு அத்தாட்சியாக முகர்ந்தாள். எனக்குப் பயம் வேறு விஷயத்தில் வந்தது. வீட்டில் சாப்பிடத் தட்டு வைக்கும்போதும் அவள் மூன்றுதான் வைத்தாள். நைனாவுக்கு, எனக்கு, சுவரோரம் கவிழ்த்து ஒன்று. அவள் சட்டியிலிருந்தே அள்ளித் தின்றாள். படுக்கப் பாய் போட்டாலும் மூன்றுதான். அவள் வெறும் தரையில் படுத்தாள். காலையில் எழுந்தால் அவள் படுத்த இடத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. கூப்பிட்டால் சில நேரம் உடனே பதில் வராது. அந்த ஒரு மூச்சு நேரம், பூட்டிய கதவின் முன் நிற்பது போலவே எனக்கு இருக்கும்.

கிழக்கே தடா ஊர்ப் பக்கம் கம்பெனிகள் வந்தன. எனக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் எங்கள் ஊர்ப் பூட்டிய வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். பம்பைக்காரர் தட்டினால் கதவு திறந்து, தெரியாத முகம் ஒன்று லுங்கியோடு எட்டிப் பார்த்தது. அவர் பின்வாங்கியதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் பூட்டிய கதவே பழகிப்போயிருந்தது போல. அம்மா அந்தப் பையன்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்ப்பாள். அவர்கள் வாசலில் நின்று, "உங்கம்மா பிடி போட்டாளாடா?" என்று கேட்பாள். அவர்களுக்குப் புரியாது, தலையாட்டுவார்கள். "போட்டுருப்பா" என்று அவளே சொல்லிக்கொண்டு வருவாள்.

ஒரு வருஷம் ஜாத்திரைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, நெஞ்சு வலி என்று உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. நான் நைட் டூட்டி முடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாடகைக்கு இருந்த பையன்களில் நாலு பேர் பாடை தூக்கினார்கள். நைனா ஒரு சொட்டு அழவில்லை, அதற்கும் சேர்த்து நான் அழுதேன்.

சாவு நடந்த வீடு என்று பம்பைக்காரர் அந்த வருஷம் தயங்கித் தயங்கித்தான் வந்தார். கிழவராகியிருந்தார். இரண்டு தட்டுத் தட்டினார். எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் பிடி குறைய வேண்டும், அதுதான் முறை. மாவுத் தட்டோடு நான் வெளியே வந்தேன்.

"தல எத்தினி?" என்றார். கேட்கும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. பதில் அவருக்கும் தெரியும்.

"மூணு" என்றேன்.

நைனாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று போட்டேன். எடுக்க எதுவும் இல்லை. அம்மா செத்த வருஷம் எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு தலையும் குறையவில்லை.